பாதுகாப்புத் தொழிற்றுறைக் கொள்கையும் கிழக்குக் கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், வாழைச்சேனை, திருக்கோவில் பக்கத்துக் கடற்றொழிலாளர்கள் என்று பலரும் கேட்டுவரும் கேள்விகள் இவை. ஐரோப்பா ஆயுதத் தொழிற்சாலைகளைப் பெருக்குகிறது, ஜப்பான் ஏற்றுமதி விதிகளைத் தளர்த்துகிறது, இந்தியா கொழும்போடு கையெழுத்துப் போடுகிறது என்று செய்தி வந்தால் "பெரிய நாடுகளின் விசயம், நமக்கென்ன" என்று கடந்துவிடுகிறோம். அப்படிக் கடக்க முடியாது என்பதே என் எண்ணம். அந்தக் கொள்கைகள் நம் கடலுக்கும் வந்துவிட்டன. நம் கடற்கரை மணல்மீதும் கண் வைத்திருக்கின்றன. வருவதைப் பற்றி நம்மிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் கவலை.

பாதுகாப்புத் தொழிற்றுறைக் கொள்கை என்றால் என்ன? ஆயுதம் வாங்குவதுதானே?

வாங்குவது அதில் ஒரு பகுதிதான். எதை நாட்டிலேயே செய்வது, எதை வெளியே வாங்குவது, எந்தத் தொழிற்சாலைக்கு எத்தனை வருடத்துக்கு ஓடர் கொடுப்பது, தொழிலாளிக்கு யார் பயிற்சி கொடுப்பது, மூலப்பொருள் எந்த நாட்டிலிருந்து வருவது, செய்ததை யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கக் கூடாது, இத்தனையையும் ஓர் அரசு முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவைப்பதுதான் இந்தக் கொள்கை.

அமெரிக்கா தன் முதலாவது தேசியப் பாதுகாப்புத் தொழிற்றுறை மூலோபாயத்தை 2024 ஜனவரியில்தான் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதே வருடம் மார்ச்சில் தன்னுடையதை வெளியிட்டது. ஜப்பான் பாதுகாப்பு உற்பத்தியைப் பலப்படுத்த 2023-இல் தனிச்சட்டமே இயற்றியது. இந்தியா 2020 ஓகஸ்டிலேயே, இனி இறக்குமதி செய்யக் கூடாத ஆயுதங்கள், தளபாடங்கள் என்று 101 பொருட்களின் முதல் பட்டியலை வெளியிட்டுவிட்டது.

எல்லா நாடும் ஒரே நேரத்தில் ஏன் இதில் இறங்கின?

உக்ரேன் போர். அதிலும் குறிப்பாக 155 மில்லிமீற்றர் பீரங்கிக் குண்டு.

2022-க்கு முன் அமெரிக்கா மாதத்துக்கு ஏறக்குறைய 14,000 குண்டுகளே செய்துவந்தது. உக்ரேனில் சண்டை சூடான நாட்களில் அந்த எண்ணிக்கை சில நாட்களிலேயே தீர்ந்துபோனது. மாதம் 100,000 என்ற இலக்கை அமெரிக்கா பிறகு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில், ஒரு வருடத்துக்குள் பத்து இலட்சம் குண்டுகள் தருவதாக உக்ரேனுக்கு வாக்குக் கொடுத்தது. தவணை வந்தபோது பாதியளவுதான் போய்ச் சேர்ந்திருந்தது. காசு இல்லாமல் அல்ல. செய்வதற்கு ஆளும் இயந்திரமும் வெடிமருந்தும் இருக்கவில்லை.

ஒரு குண்டு எப்படி உருவாகிறது என்று பார்த்தால் விளங்கும். உருக்குக் கட்டியை 1,000 பாகைக்கு மேல் சூடாக்கி, சிவந்திருக்கும்போதே அழுத்தியில் வைத்து உள்ளே துளைத்து நீளமாக்குகிறார்கள். பிறகு கடைசல், வெப்பப் பதப்படுத்தல். இதெல்லாம் முடிந்த வெற்றுக்கோது இன்னொரு தொழிற்சாலைக்குப் போகும். அங்கே உருக்கிய வெடிமருந்தை ஊற்றி மெதுவாக ஆறவிடுவார்கள். அவசரப்பட்டால் உள்ளே வெடிப்போ காற்றுக்குமிழியோ விழும். குமிழி விழுந்த குண்டு பீரங்கிக் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால் எக்ஸ்ரே பிடித்துப் பார்க்கிறார்கள். குண்டைத் தள்ளும் மருந்துக்கு நைட்ரோசெலுலோசு வேண்டும். அதற்குப் பஞ்சு விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு வேண்டும். ஐரோப்பா அதற்குப் பெரிதும் சீனாவை நம்பியிருந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் குண்டு இல்லை.

குளிர்யுத்தம் முடிந்தபின் ஓடர்கள் குறைந்தன. அறுவடைக் காலத்தில் மட்டும் ஓடுகிற நெல் ஆலை வருடம் முழுக்கத் தொழிலாளியை வைத்துக்கொள்ள முடியாது. அதே கதைதான் இங்கும் நடந்தது. தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றார்கள், அடுத்த தலைமுறை வரவில்லை. இன்றைய கொள்கைகளில் "நீண்டகால ஒப்பந்தம்" என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான்.

நேச நாடுகளின் ஒத்துழைப்பு என்பது நடைமுறையில் என்ன?

பல படிகள் இருக்கின்றன. மிக எளியது, சேர்ந்து வாங்குவது. ஐரோப்பிய ஒன்றியம் 2030-க்குள் தன் உறுப்பு நாடுகளின் பாதுகாப்புக் கொள்வனவில் 40 வீதமாவது கூட்டாக நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது.

அடுத்தது, ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கி, தொழில்நுட்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வது. 2022-இல் போலந்து தென்கொரியாவிடம் டாங்கிகளும் பீரங்கிகளும் வாங்க ஒப்புக்கொண்டது. ஜூலையில் பேச்சு, டிசம்பரில் முதல் தொகுதி துறைமுகத்தில் இறங்கியது. ஐரோப்பாவிலேயே டாங்கி செய்கிற நாடுகள் இருந்தும் போலந்து கொரியாவுக்குப் போனதற்கு அந்த வேகமே முக்கிய காரணம்.

மூன்றாவது, சேர்ந்து புதிதாகச் செய்வது. பிரித்தானியா, இத்தாலி, ஜப்பான் மூன்றும் 2035-க்குள் புதிய போர்விமானம் ஒன்றைக் கொண்டுவர 2022 டிசம்பரில் இணைந்தன. அவுஸ்திரேலியாவுக்கு அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகள் கிடைக்கச் செய்யும் ஓக்கஸ் உடன்பாடு 2021 செப்டெம்பரில் வந்தது.

சேர்ந்து செய்வதில் ஒரு பிடியும் உண்டு. துருக்கி அமெரிக்காவின் எஃப்-35 போர்விமானத் திட்டத்தில் பங்காளியாக இருந்தது, உதிரிப்பாகங்களும் செய்தது. ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணைத் தொகுதியை வாங்கியதும் 2019 ஜூலையில் அமெரிக்கா அதைத் திட்டத்திலிருந்து வெளியேற்றியது. சங்கிலியில் சேர்கிற நாடு, சங்கிலியை வைத்திருக்கிறவரின் சொல்லுக்கும் கட்டுப்பட நேரும். சிறிய நாட்டுக்காரர்களான நாம் மறக்கக் கூடாத உதாரணம் இது.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது?

மக்களின் வரியும் கடனும்தான். 2024-இல் உலகின் இராணுவச் செலவு 2.7 திரில்லியன் டொலரைத் தாண்டியது. அமெரிக்காவும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த இராணுவக் கூட்டணியான நேட்டோவின் நாடுகள் 2025 ஜூனில் ஹேக் நகரில் கூடி, 2035-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 வீதத்தைப் பாதுகாப்புக்கும் அதோடு சேர்ந்தவற்றுக்கும் ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் அதற்குச் சற்று முன் 150 பில்லியன் யூரோ கடன் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. அந்தக் காசில் வாங்கும் பொருளின் உதிரிப்பாகங்களில் 65 வீதமாவது பெறுமதிப்படி ஐரோப்பாவிலோ உக்ரேனிலோ செய்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காசு தன் ஊரிலேயே சுற்ற வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள்.

இந்தியா இதில் எங்கே நிற்கிறது?

நமக்கு மிக அருகில் நடக்கும் மாற்றம் அதுதான். நீண்டகாலம் உலகின் முன்னணி ஆயுத இறக்குமதி நாடுகளில் ஒன்றாக இருந்த இந்தியா இப்போது விற்கிற நாடாகவும் ஆகப் பார்க்கிறது. 2021 ஒக்டோபரில், 41 அரச ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு கம்பனிகளாக மாற்றியது. 2024-25 நிதியாண்டில் அதன் பாதுகாப்பு ஏற்றுமதி 23,622 கோடி இந்திய ரூபாய். ரஷ்யாவோடு சேர்ந்து உருவாக்கிய பிரமோஸ் ஏவுகணையை 2022-இல் பிலிப்பைன்சுக்கு விற்க ஒப்பந்தம் செய்து, 2024 ஏப்ரலில் கொடுக்கத் தொடங்கியது.

தமிழ்நாட்டிலும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் ஒன்று உண்டு: சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகிய ஐந்து மையங்கள். கோயம்புத்தூரில் பம்புக்கு உதிரிப்பாகம் கடைந்த பட்டறைகள் இனி விமானத்துக்கும் கடைய வேண்டும் என்பது அதன் நோக்கம்.

சேர், இலங்கை அணிசேரா நாடுதானே? நமக்கு நேச நாடு என்று யாராவது உண்டா?

1976-இல் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாட்டைக் கொழும்பில் நடத்திய நாடு நாம். இன்றும் எந்த இராணுவக் கூட்டணியிலும் இலங்கை இல்லை. ஆனால் உடன்பாடுகள் உண்டு. அமெரிக்கப் படைகளோடு எரிபொருள், உணவு, சேவைகள் பரிமாறிக்கொள்ளும் உடன்பாடு 2007-இல் செய்யப்பட்டு 2017-இல் புதுப்பிக்கப்பட்டது. கடற்படைக்கு அமெரிக்கா தன் கரையோரக் காவல்படைக் கப்பல்களைத் தந்திருக்கிறது, சீனா 2019-இல் ஒரு போர்க்கப்பலைத் தந்தது, இந்தியா 2022 ஓகஸ்டில் டோர்னியர் கண்காணிப்பு விமானம் ஒன்றைத் தந்தது. மூவரும் தந்ததை நாம் வாங்கிக்கொண்டோம்.

2025 ஏப்ரல் 5-ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி கொழும்பு வந்தபோது, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் அரசு இந்தியாவோடு பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டது. அதன் வாசகத்தைப் பாராளுமன்றத்தில் வைக்கும்படி எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. உடன்படிக்கை நல்லதாகவே இருக்கலாம். நல்லதென்றால் அதைக் காட்டுவதில் என்ன தயக்கம்?

மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் இதனால் நேரடியாக எதுவும் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. இந்தியாவின் 60 இலட்சம் டொலர் நன்கொடையில் இலங்கைக்குக் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் ஒன்று கிடைத்தது. 2024 ஜூனில் அது திறக்கப்பட்டது. தலைமை நிலையம் கொழும்பில் கடற்படைத் தலைமையகத்தில், துணை நிலையம் அம்பாந்தோட்டையில். இவற்றோடு ஆளில்லாமல் இயங்கும் நிலையங்கள் காலி, அறுகம்பை, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்லாறவ, பருத்தித்துறை, முள்ளிக்குளம் ஆகிய இடங்களில் உண்டு. ஏழில் இரண்டு நம் இரு மாவட்டங்களில். கருவிகளை அமைத்தது பெங்களூரின் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ். இந்தியப் படைகளுக்கு ரேடாரும் தொடர்பாடல் கருவியும் செய்கிற அரச கம்பனி அது. நன்கொடையும் போய்ச் சேர்ந்தது, தன் நாட்டுத் தொழிற்சாலைக்கு ஓடரும் கிடைத்தது. தொழிற்றுறைக் கொள்கையும் நேச நாட்டு ஒத்துழைப்பும் ஒன்றாகக் கைகோர்ப்பது இப்படித்தான்.

இது நமக்குத் தேவையான காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தேடலுக்கும் மீட்புக்கும் இலங்கை பொறுப்பேற்றிருக்கும் கடற்பரப்பு நாட்டின் நிலப்பரப்பைவிட ஏறத்தாழ 27 மடங்கு பெரியது. வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போகிறவர்களின் வீட்டார் வாடைக்காற்றுக் காலத்தில் எப்படி இரவைக் கழிப்பார்கள் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஆனால் கரையில் எவ்வளவு நல்ல கருவி நின்றாலும், படகில் உள்ள ரேடியோவின் பற்றரி இறங்கிக் கிடந்தால் குரல் வந்து சேராது. கைத்தொலைபேசியை மட்டும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போகிற சிறிய பைபர் வள்ளக்காரருக்கும் ஒரு வழி செய்யப்பட வேண்டும். நன்கொடை கரையோடு நின்றுவிட்டது. மிச்சத்தைச் செய்ய வேண்டியது நம் அரசு.

இன்னொன்று: கடலில் யார் எங்கே நிற்கிறார் என்ற தகவல் யாரிடம் போகிறது, எவ்வளவு காலம் வைத்திருக்கப்படுகிறது? கேட்பதில் பிழையில்லை.

கொழும்பு கப்பல் தளத்தை இந்தியா வாங்கியது பற்றி?

மும்பையின் மசகான் கப்பல் தளம் இந்தியக் கடற்படைக்கு நாசகாரிக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் கட்டும் அரச கம்பனி. கொழும்பு டொக்யார்ட்டின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கப்போவதாக அது 2025 ஜூனில் அறிவித்தது. பெறுமதி ஏறக்குறைய 5 கோடியே 30 இலட்சம் டொலர். அதுவரை பெரும்பான்மைப் பங்கு ஜப்பானியக் கம்பனி ஒன்றிடம் இருந்தது. கடனில் தத்தளித்த ஒரு தொழிற்சாலை மூடப்படாமல் இருப்பது அங்கே வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கும் நல்லதே. ஆனால் இனி அங்கே எந்தக் கப்பல் முதலில் திருத்தப்படும் என்பதைத் தீர்மானிப்பவர் மாறியிருக்கிறார்.

இலங்கை சொந்தமாக எதுவும் செய்வதில்லையா?

கொஞ்சம் செய்கிறது. கடற்படை வெலிசறையில் சிறு தாக்குதல் படகுகள் கட்டுகிறது. இராணுவம் கண்ணிவெடி தாங்கும் யுனிபஃபல் வாகனங்களைச் செய்கிறது; மாலியில் ஐ.நா. அமைதிப்படையில் அவை ஓடின. படையினர் தொகையை 2030-க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பது 2023-இல் அறிவிக்கப்பட்ட அரச கொள்கை. கடனில் விழுந்து எழும்பிய நாட்டுக்கு இதற்குமேல் ஆயுதத் தொழிற்சாலை வேண்டாம் என்றே சொல்வேன்.

திருக்கோவில், வாகரை மணலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் கவனமாகச் சொல்ல வேண்டிய சம்பந்தம்.

அலை பின்வாங்கியபின் ஈரமணலில் கறுப்புக் கோடு கோடாக ஒன்று படிந்து கிடக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை, காய்ந்த கறுப்பு மணலில் பிள்ளைகள் இழுத்துப் பார்ப்பார்கள். மயிர் முளைத்ததுபோல ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கறுப்பில் இருப்பவற்றில் முக்கியமானது இல்மனைற்று. இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த கனிமம். புல்மோட்டையில் அரச கூட்டுத்தாபனம் பல தசாப்தங்களாக அள்ளி ஏற்றுமதி செய்வது இதைத்தான். திருக்கோவிலிலும் வாகரையிலும் இதை அள்ள வந்த திட்டங்களை ஊர்மக்கள் எதிர்த்து வீதிக்கு வந்ததும் இதற்காகத்தான்.

இல்மனைற்றில் பெரும்பகுதி பெயின்ற், பிளாஸ்டிக், கடதாசி ஆகியவற்றுக்கு வெள்ளை நிறம் கொடுக்கும் பொடியாகிறது. சிறு பங்கே தைத்தானிய உலோகமாகிறது. ஆனால் அந்த உலோகம் இல்லாமல் போர்விமானம் இல்லை. 2022 வரை மேற்கு நாட்டு விமானக் கம்பனிகள் ரஷ்யத் தைத்தானியத்தை நம்பியிருந்தன. போர் தொடங்கியதும் போயிங் அதை நிறுத்தியது. 2024 டிசம்பரில் நேட்டோ, பாதுகாப்புத் தொழிலுக்கு இன்றியமையாதவை என்று 12 மூலப்பொருட்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் தைத்தானியம் உண்டு. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் காரீயமும் (கிராபைற்று) உண்டு.

"திருக்கோவில் மணலில் ஏவுகணை செய்கிறார்கள்" என்று யாராவது பரப்பினால் நம்ப வேண்டாம். ஆனால் இவ்வகைக் கனிமங்களுக்கான தேவை உலகில் கூடிக்கொண்டு போகிறது. அடுத்த முறை வருகிற கம்பனி இன்னும் பலத்தோடு, சிலவேளை ஓர் அரசாங்கத்தின் ஆதரவோடும் வரும். கரை அரிப்பு, கிணற்றில் உவர் ஏறுவது, கரைவலை இழுக்கும் இடம் பறிபோவது, இதெல்லாம் நம் தலையில். இலாபமோ மணலை உலோகமாக்குகிற நாட்டுக்கு. சுற்றாடல் அறிக்கை தமிழில் கிடைக்கிறதா, மீனவர் சங்கத்துக்கு எப்போது சொல்லப்பட்டது, மணல் எங்கே போய் முடிகிறது என்று அனுமதி கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும்.

போரை இவ்வளவு கண்ட நாம் இதை ஏன் படிக்க வேண்டும்?

ஏறாவூரில் ஒரு தாய் இதைக் கேட்டார். கேள்வியின் பின்னால் உள்ள வலி எனக்கும் விளங்கும். இந்த மண்ணில் காலை இழந்தவர்கள் இன்னும் நம்மோடு வாழ்கிறார்கள். வருடக்கணக்காக மண்ணை விரல்நுனியால் கிளறி மிதிவெடி அகற்றினார்கள், 2017-இல்தான் மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே வருட இறுதியில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2018-இல் கொத்துக்குண்டுத் தடையிலும் இணைந்தது.

இப்போது பாருங்கள். 2025-இல் லித்துவேனியா, லத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் மிதிவெடித் தடையிலிருந்து விலக முடிவெடுத்தன. ரஷ்யாவின் எல்லையில் வாழும் பயம் அவர்களுக்கு உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தடையிலிருந்து விலகினால் அடுத்தது உற்பத்தி, அதற்கும் ஓடர், அதற்கும் தொழிற்சாலை. போர் முடிந்தபின் வயலில் கால்வைக்கிற விவசாயிக்கு என்ன நடக்கும் என்று சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறது. படிக்காமல் அதைச் சொல்ல முடியாது. அந்தத் தாய்க்கும் இதைத்தான் சொன்னேன்.

நம் பிள்ளைகளுக்கு இதில் வேலை கிடைக்குமா?

ஆயுதக் கம்பனிகளில் நேரடியாகக் கிடைப்பது கடினம். இரகசியப் பிரிவுகளில் பொதுவாகச் சொந்த நாட்டுப் பிரஜைகளைத்தான் எடுப்பார்கள். ஆனால் அத்துறை தேடுகிற தொழில்கள், அதாவது உயர்தர வெல்டிங், கணினியால் இயங்கும் கடைசல், இலத்திரனியல் திருத்தம், கப்பல் குழாய் வேலை, எல்லாம் சிவில் துறையிலும் நல்ல சம்பளம் தருபவை. தொழிற்பயிற்சியில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்றகைமையின் நான்காம் தரம் வரையாவது முடிக்கச் சொல்வேன். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் இருக்கிறது.

ஒரு சாதாரண ஆள் இந்த உடன்படிக்கைகளைப் பற்றி எங்கே கேட்பது?

2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சம்பந்தப்பட்ட அமைச்சின் தகவல் அலுவலரிடம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். தேசிய பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை 5-ஆம் பிரிவின்படி மறுக்கலாம். ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தரத்தான் வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

அதனால் கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். "பாதுகாப்பு உடன்படிக்கை முழுவதையும் தாருங்கள்" என்பதைவிட, "மட்டக்களப்பு நிலையத்தின் பராமரிப்புச் செலவை யார் தருகிறார், எந்த வருடம் வரை", "திருக்கோவில் பிரதேசத்தில் கனிம ஆய்வு அனுமதி யாருக்கு, எத்தனை சதுர கிலோமீற்றருக்கு" என்று கேட்டால் மறுக்க இடம் குறையும். கனிம அனுமதிக்கு புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்துக்கு எழுத வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தின் பிரதியையும் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டையும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மேன்முறையீட்டில் அவை இரண்டையும் கேட்பார்கள்.